தமியானுக்கு ஒரு நிமிஷம்

இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். ஏழாவதாக அவள். ஜன்னல் கம்பிக்கு வெளியே, பெஞ்சின் ஓரத்தில், சேலைத் தலைப்பால் மார்பை இறுக்கிப் போர்த்திக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள். பார்க்காதது மாதிரி பார்த்துவிட்டேன். அவளும் பார்த்துவிட்டாள். வெண்ணிலா. வந்தது என்னவோ முதல் ஆளாகத்தான். மருந்தகத்தின் கதவை நான் திறக்கும்போதே வாசலில் நின்றாள், முதல் சீட்டு அவளுக்குத்தான் போயிருக்க வேண்டும். "நீ கொஞ்சம் இரு மக்ளே, ஒன்னயக் கடைசில நிதானமாப் பாக்கேன்" என்று ஓரமாக உட்கார வைத்தது நான்தான். நிதானமாகவாம்! முப்பத்தோரு வருஷமாக இந்த மலையில் ஊசி போடுகிறேன், குடிகாரனுக்கும் போட்டிருக்கிறேன், கரடி கடித்தவனுக்கும் போட்டிருக்கிறேன், ஒரு நோயாளிக்குப் பயந்து ஒளிவது இதுதான் முதல் தடவை. பிள்ளை செத்து இன்றைக்கு ஒன்பதாம் நாள். பால் கட்டியிருக்கும். அதற்குத்தான் வந்திருப்பாள். அதற்கு மட்டும் வந்திருக்க வேண்டும், மாதாவே, வேறு எதையும் கேட்காமல் இருக்க வேண்டும்.

முதல் சீட்டு சடையன் பெரியவர், காலில் ஆறாத சர்க்கரைப் புண். கட்டைப் பிரிக்கிறேன், நாற்றம் குப்பென்று வருகிறது. நல்லது, இந்த நாற்றம் இருக்கும்வரை வேறு நினைப்பு வராது என்று நினைக்கும்போதே வந்துவிடுகிறது. "இன்னா சிஸ்டரு, அந்தாண்டயே பாத்துக்கினு கீறீங்கோ?" என்கிறார் கிழவர். "ஒம்ம காலு நாறுது, அதான். சோத்த கொறையும்னு சொன்னா கேக்கீரா நீரு?" அவர் சிரிக்கிறார், பெஞ்சில் இருப்பவர்களும் சிரிக்கிறார்கள். சிஸ்டர் எஸ்கலின் திட்டினால்தான் மருந்து வேலை செய்யும் என்று இந்த மலையில் ஒரு பேச்சு உண்டு. நானும் அதைக் கேட்டுக் கேட்டு, திட்டுவதையும் வைத்தியத்தில் சேர்த்துக்கொண்டுவிட்டேன். யார் எதைக் கொண்டுவந்தாலும் என் வாயிலிருந்து முதலில் வருவது, "ஏன் இவ்வளவு லேட்டாக் கொண்டு வந்தீங்க?" காய்ச்சலோடு வந்தாலும் அதுதான், தேள் கொட்டி அஞ்சாவது நிமிஷத்தில் வந்தாலும் அதுதான். அன்றைக்கும் அதையேதான் சொன்னேன். துணியில் சுற்றிய பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, வெண்ணிலாவின் மாமியார் ராமாயி முகத்தைப் பார்க்க முடியாமல், தரையைப் பார்த்து, "ஏன் இவ்வளவு லேட்டாக் கொண்டு வந்தீங்க?" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, அதுவாக வந்தது. ராமாயி அழவில்லை, உள்ளே பாயில் கிடந்த மருமகள் பக்கம் திரும்பினாள். "பாத்தியா, சிஸ்டரே சொல்லிட்டாங்கோ. வலி வந்ததும் வாடின்னன். களைய முடிச்சுட்டு வர்றன்னு நின்ன. முழுங்கிட்டியேடி எம்பேரனை." வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் வாய் அப்போது மட்டும் மூடிக்கொண்டது.

லேட் இல்லை. லேட்டே இல்லை. காலையில் இலேசாக வலி கண்டிருக்கிறது, சாமை வயலில் மிச்சமிருந்த இரண்டு வரிசையையும் களை பிடுங்கிவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். முதல் பிரசவம், சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்கும் என்று யாராக இருந்தாலும் நினைப்பார்கள். பதினொன்றரைக்கு இங்கே வந்து சேர்ந்தாள். பன்னிரண்டேகாலுக்குப் பிள்ளை பிறந்தது. முக்கால் மணி நேரம் என் கண் முன்னால்தான் இருந்தாள். கீழே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப நேரமில்லை, ஆம்புலன்ஸ் மலை ஏறி வர ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அதனாலென்ன, நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். தட்டில் எல்லாம் தயாராக இருந்தது: கத்தரி, நூல், சளி உறிஞ்சும் குழாய், மூச்சு கொடுக்கிற ஆம்பு பை. பிள்ளை வழுக்கிக்கொண்டு வந்தது. ஆண். நீலம். கை கால் துவண்டு கிடந்தது, அழவில்லை. தொப்புள்கொடியின் அடியில் விரலை வைத்தேன். துடித்தது. மெதுவாகத்தான், ஆனால் துடித்தது. அதை நான் மறக்க நினைத்தாலும் என்னுடைய இந்தச் சுட்டுவிரலும் கட்டைவிரலும் மறக்க விடுவதில்லை.

இரண்டாவது சீட்டு, மூன்றாவது சீட்டு, ஒரு தாயும் பிள்ளையும், இரண்டு பேருக்கும் சிரங்கு. களிம்பைக் கொடுத்து, துணியைக் கொதிக்க வைத்துத் துவைக்கச் சொல்லி, அதற்கும் ஒரு திட்டு. சட்டென்று அனுப்பிவிட்டேன். சட்டென்று அனுப்பியிருக்கக் கூடாது, வரிசை குறைகிறது. கீழே டவுனில் அரசாங்க டாக்டர்கள் எங்களுக்கெல்லாம் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள், சான்றிதழ்கூட அதோ மருந்து அலமாரிக்கு மேலே கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. பிறந்த பிள்ளைக்கு முதல் ஒரு நிமிஷம் பொன்னான நிமிஷம். துடை, தேய், சளியை எடு, மூச்சு கொடு. ரப்பர் பொம்மையை வைத்து எங்களைச் செய்யச் சொன்னார்கள். என்னை எழுப்பி நிற்கவைத்து, அறுபது வயதிலும் கை எவ்வளவு வேகம் பாருங்கள் என்று இளம் நர்ஸுகளுக்குச் சொன்னார் டாக்டரம்மா. ரப்பர் பொம்மைக்கு ஆத்துமம் இல்லை, அதனால்தான் என் கை அவ்வளவு வேகமாகப் போயிருக்கிறது.

எங்கள் சபையில் மருத்துவ வேலைக்கு வருகிற ஒவ்வொரு சிஸ்டரும் அங்கியின் வலது பையில் ஒரு சின்னக் குப்பி வைத்திருப்போம். தீர்த்தம். சாகப்போகிற பிள்ளைக்குக் குருவானவர் வரும்வரை காத்திருக்க முடியாது. அந்த மாதிரி ஆபத்து வேளையில் யார் தண்ணீர் ஊற்றி அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னாலும் ஞானஸ்நானம் செல்லும். வாக்கியம் சின்னதுதான், சொல்லிமுடிக்கப் பத்து நொடி ஆகாது. இந்த முப்பத்தோரு வருஷத்தில் அப்படி நான் தண்ணீர் ஊற்றிய பிள்ளைகள் இருநூறுக்கு மேல். வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, குறைமாதம், பாம்பு. பெற்றவர்கள் யாருக்கும் தெரியாது. கீழே டவுனில் அவ்வப்போது சில பேர் கிளம்புவார்கள், கன்னியாஸ்திரிகள் மலையில் ஆளை மதம் மாற்றுகிறார்கள் என்று. அப்போதெல்லாம் இந்த ஜனங்கள்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப்போய், "எங்க சிஸ்டரு இத்தினி வருசமா ஒருத்தரையும் மாத்துல, போங்கடா" என்று சண்டை போட்டுவிட்டு வருவார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டுவேன். உண்மைதானே? உயிரோடிருக்கிற ஒருத்தரைக்கூட நான் மாற்றியதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு இன்றுவரைக்கும் நாங்கள் மூன்று சிஸ்டர்களும் பள்ளிக்கூட வாத்தியார் குடும்பமும்தான். என் சபைஜனம் முழுக்க மோட்சத்தில் இருக்கிறது, எனக்காக வேண்டிக்கொள்ள அங்கே ஒரு பட்டாளமே இருக்கிறது என்று மற்ற சிஸ்டர்களிடம் வேடிக்கையாகச் சொல்வேன். வேடிக்கையாகவா சொன்னேன்? இல்லை, திமிராகத்தான் சொன்னேன்.

இதெல்லாம் போகட்டும். தண்ணீர் மட்டும் ஊற்றியிருந்தால்கூடப் போகட்டும். பெயர். பெயர்தான். ஆபத்து ஞானஸ்நானத்துக்குப் பெயர் கட்டாயமே இல்லை, எந்தச் சட்டத்திலும் இல்லை. பெயரில்லாமல் மோட்ச வாசலில் போய் நின்றால் வாசல் காக்கிற தேவதூதச் சம்மனசு எப்படிக் கூப்பிடும் பாவம் என்று, வந்த புதிதில் நானாக வைத்துக்கொண்ட வழக்கம் அது. அன்றைய நாளுக்குரிய புனிதருடைய பெயரை வைப்பேன். பொதுவாக மனப்பாடமாகத் தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. பிள்ளை இடது கையில், குப்பி வலது கையில், பெயர் வரவில்லை. சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது, மறைமாவட்டத்து அச்சகத்தில் அடித்தது, தாளுக்குத் தாள் புனிதர் பெயர் போட்டிருக்கும். பார்த்தேன். முந்தைய நாள் தாள், செப்டம்பர் இருபத்தைந்து. காலையில் கிழிக்க மறந்திருக்கிறேன். இரண்டு எட்டு நடந்துபோய், குப்பி பிடித்த கையாலேயே அந்தத் தாளைக் கிழித்தேன். சேசுவே, கிழித்தேன். பாதியில் கோணலாகக் கிழிந்தது, மிச்சத்தையும் கிழித்தேன். இருபத்தாறு. புனிதர்கள் கோஸ்மாஸ், தமியான். இரண்டு பேர்! இரண்டில் எது என்று யோசித்தேன். கோஸ்மாஸ் என்றால் வாயில் நுழையாதே, தமியான் நன்றாக இருக்கிறது என்று யோசித்தேன். நிஜமாகவே அப்படி யோசித்தேன், கடையில் நின்று துணி பார்க்கிறவள்போல. பிறகு ஊற்றினேன். தமியான், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன். பிறகு குப்பியை மூடினேன். மூடியைத் திருகி மூடினேன், சிந்திவிடக் கூடாதே என்று. பிறகுதான் குழாயை எடுத்தேன். கொடியில் விரலை வைத்தபோது துடிப்பு இல்லை. அதன் பிறகு இருபத்தைந்து நிமிஷம் அந்தப் பையை அமுக்கினேன், நெஞ்சை அமுக்கினேன், எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். செத்த பிள்ளைக்கு.

கோஸ்மாஸும் தமியானும் அண்ணன் தம்பிகள், இரண்டு பேருமே வைத்தியர்கள். அந்தத் தாளிலேயே சின்ன எழுத்தில் போட்டிருந்தது, மறுநாள் கிழிக்கும்போதுதான் படித்தேன்.

நான்காவது சீட்டு, இருமல். "எத்தினி நாளா?" "மூணு வாரமா." சளியைப் பரிசோதிக்க டப்பா கொடுக்கிறேன், காலையில் எழுந்ததும் முதல் சளி என்று சொல்கிறேன். ஏன் லேட்டா வந்தே என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். அந்த அம்மாளுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். வெளியே வெண்ணிலா ஒரு கையால் மார்பைத் தாங்கிக்கொண்டு இடம் மாறி உட்காருகிறாள். நெறிகட்டி வலிக்கும், தொட்டால் உயிர் போகும். ஒரு தாயின் மார்பில் பால் வந்து நிற்பது எவ்வளவு பெரிய அநியாயம், உடம்புக்கு யார் போய்ச் சொல்வது? வலிக்கிறவளை ஒன்றரை மணி நேரமாக உட்கார வைத்திருக்கிறேன். இதையே வேறொரு நர்ஸ் செய்திருந்தால் மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருப்பேன்.

துண்டை வைத்துச் செய்து பார்த்தேன். போன வியாழக்கிழமை மத்தியானம், சரக்கறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. ஒரு துண்டைப் பிள்ளையாகச் சுருட்டி, இடது கையில் வைத்து, வலது பையிலிருந்து குப்பியை எடுத்து, இரண்டு எட்டு நடந்து, பழைய மாதத் தாளைக் கிழித்து, யோசித்து, ஊற்றி, மூடி. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்தேன். முதல் தடவை நாற்பத்தொரு நொடி. அவசரப்பட்டிருப்பேன் என்று இன்னொரு தடவை. ஐம்பத்து மூன்று. மூன்றாம் தடவை, யோசிக்கிற இடத்தில் எவ்வளவு நேரம் யோசித்தேன் என்பது எனக்கே தெரியாததால், நின்றுகொண்டே இருந்தேன். ஐம்பத்து மூன்று நொடியில் ஒரு பிள்ளை சாகுமா? சாகும். சாகாமலும் இருக்கும். முதலிலேயே சளியை எடுத்திருந்தாலும் செத்திருக்கலாம், அப்படியும் நடக்கிறதுதான், பயிற்சியில் அதையும் சொன்னார்கள். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் தொங்கினேன். பிறகு விரல் ஞாபகப்படுத்திவிட்டது. துடித்தது.

அதுவும் இந்த அவசரம் எதற்கு? போன வருஷத் தியானத்துக்கு வந்த இளம் குருவானவர் தெளிவாகத்தானே சொன்னார்? ஞானஸ்நானம் பெறாமல் சாகிற குழந்தைகள் மோட்சமும் இல்லாத நரகமும் இல்லாத நடு இடத்தில் கிடப்பார்கள் என்பதெல்லாம் பழைய பேச்சு, திருச்சபை அவர்களைக் கடவுளுடைய இரக்கத்தில் ஒப்படைத்துவிட்டது, சிஸ்டர்களே, பயம் வேண்டாம் என்றார். கேட்டேன், தலையாட்டினேன், குறிப்பேட்டில் எழுதிக்கூட வைத்தேன். தலைக்குத் தெரிந்தது கைக்குப் போய்ச் சேரவில்லை. கை தன்பாட்டுக்குப் பைக்குள் போயிற்று. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், சொன்னேன் என்றா சொன்னேன், "ஒரு பிரசவத்தில் கொஞ்சம் தாமதித்துவிட்டேன் ஃபாதர், ஞானஸ்நானம் கொடுத்ததில்" என்றேன். அவர், "நீங்கள் நல்லதைத்தானே செய்தீர்கள் சிஸ்டர், இது வெறும் மனக்கிலேசம்" என்று சொல்லிப் பாவமன்னிப்புக் கொடுத்தார். காலண்டரை நான் சொல்லவில்லை. காலண்டரைச் சொல்லாமல் வாங்கிய மன்னிப்பு எந்தக் கணக்கில் சேரும்?

நான் பிறந்த கதையை அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். கடற்கரைக் குடிசை, ஆடி மாதக் காற்று, நானும் நீலமாகத்தான் வந்தேனாம். மருத்துவச்சி வியாகுலத்தம்மாள் என் மூக்கிலும் வாயிலும் தன் வாயை வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் நாலு வைத்தாளாம். நான் கத்தின பிறகுதான் ஞானஸ்நானத்துக்குக் கோயில் உபதேசியாரைக் கூப்பிட ஆள் போயிற்று. அவர் வந்து, சாகக்கிடந்த பிள்ளைக்கு முதலில் என்னையல்லவா கூப்பிட்டிருக்க வேண்டும் என்று குதித்தாராம். அதற்கு அவள், "ஒமக்கு ஆத்துமம் வேணும், எனக்கு மூச்சு வேணும். மூச்சு வந்த பொறவு நீரு வாரும் வே" என்றாளாம். ஊரே சொல்லிச் சிரிக்கிற கதை. நானும் சிரித்துத்தான் சொல்வேன், மடத்தில் சேர்ந்த புதிதில், நவசந்நியாசத்தில் தோழிகளுக்குச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். எழுத்து வாசனையே இல்லாத ஒரு பொம்பளைக்குத் தெரிந்தது, சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டிவைத்த எனக்குத் தெரியவில்லை. என் முதுகில் விழுந்த அந்த நாலு அடியில்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

ஐந்து, ஆறு. ஒருத்திக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை, ஒருத்தனுக்குக் கையில் தையல் பிரிக்க வேண்டும். தையல் பிரிக்கப் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டேன், நாலே நாலு தையல். போகிற போக்கில் அவன்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "ஓரமா உக்காந்துக்கினு கீதே, அதும் ஊட்டுக்காரன் குடகுல காபித் தோட்டத்து வேலைய உட்டுட்டு வர்றான் சிஸ்டரு. ஞாயித்துக்கெழம ஊர் கூடுது. அறுத்து வுட்டு அப்பன் ஊட்டுக்கு அனுப்பிடுவானுங்கோ. புள்ளைய முழுங்குனவள எவன் வச்சிக்கினு இருப்பான்?" எனக்குக் காதுக்குள் கடல் இரைந்தது. அவளுக்கு அப்பன் வீடு என்று ஒன்றும் கிடையாது, அம்மா செத்த பிறகு அப்பன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு கீழ்நாட்டுப் பக்கம் போய்விட்டான், அது எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். பத்தொன்பது வயது. செங்கல் சூளைக்குத்தான் போக வேண்டும். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் நின்றுபோகும். சொன்னால் இங்கே என்ன ஆகும்? டவுன்காரர்கள் கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஏறி வருவார்கள், இத்தனை வருஷமாகத் தேடியது அவர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கிடைக்கும். போலீஸ், விசாரணை, பூட்டு. மருந்தகத்தைப் பூட்டினால் சடையன் பெரியவர் காலை யார் கட்டுவது? இது நியாயமான கேள்வியா, என் பயத்துக்கு நான் கட்டுகிற கட்டா? இரண்டும்தான். சொல்லிவிடுவேன். அவளிடம் சொல்லிவிடுவேன். ஊருக்குச் சொல்வதை அப்புறம் பார்ப்போம், முதலில் அவளிடம் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு நான் நடமாடக் கூடாது.

"வா மக்ளே." திரையை இழுத்துவிட்டுப் படுக்க வைக்கிறேன். மார்பில் மல்லிகைப்பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருக்கிறாள், பால் வற்ற இவர்கள் செய்கிற வைத்தியம். பூ வாடி, பாலில் ஊறி, ஒரு புளித்த வாசனை. கல்லாக இருக்கிறது. வெந்நீர்த் துணி போட்டு, மெதுவாக நீவி, கிண்ணத்தைப் பிடித்துப் பீய்ச்சி விடுகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள், ஒரு சத்தம் இல்லை. பால் கிண்ணத்தில் விழுகிற சத்தம் மட்டும். நல்ல பால், கெட்டியான பால், ஒரு பிள்ளை வளர்ந்து நடக்கிறவரை போதும். கொஞ்சம் இறுக்கம் தணிந்ததும் கண்ணைத் திறந்தாள். "சிஸ்டரு, ஒன்னு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது." எனக்குக் கை நின்றுவிட்டது. "கேளு." "அந்த ரெண்டு வரிசையப் புடுங்காம நேரா வந்திருந்தன்னா... பொழச்சிருக்குமா?" சந்தேகமாகத்தான் கேட்டாள். இல்லை என்று சொல்ல மாட்டார்களா என்கிற ஆசை கண்ணில் அப்படியே தெரிந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தேன். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீ லேட்டா வரல்ல மக்ளே, சரியான நேரத்துக்குத்தான் வந்தே, நான்தான் லேட்டு. புள்ளைக்கு உசுரு இருந்துது, என் விரல்ல துடிச்சுது, சளிய எடுக்காம நான் எங்க சாமி தண்ணிய ஊத்தப் போனேன், பேரு வைக்கணும்னு காலண்டரப் பாக்கப் போனேன், தாளக் கிழிச்சேன், அதுக்குள்ள உசுரு போயிட்டு. பேரு தமியான். ஒம்புள்ளைக்குத் தமியான்னு பேரு. ஒங்கிட்ட கேக்காம வச்சேன். தப்பு எம்மேல. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது. அழுதேன் என்று நினைக்கிறேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். என்னையே பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் முகத்தில், இந்த ஒன்பது நாளில் முதல் தடவையாக இருக்கும், ஒரு சிரிப்பு வந்தது. "ஏன் சிஸ்டரு, எனக்காவ இப்பிடி இட்டுக்கட்டி சொல்றீங்க?" என்றாள். "பொய் இல்ல மக்ளே." "போங்க சிஸ்டரு, ஒங்களத் தெரியாதா? போன வருசம் வள்ளிப் பொண்ணு ஊட்டுக்குத் தெரியாம காலேசுல சேர ஓடிப்போச்சே, நான்தான் அனுப்பினன்னு அவங்கப்பன்கிட்ட நீங்க பழி ஏத்துக்கினு அதுக்கு அடி வுழாம காப்பாத்துனீங்கல்ல? ஊருக்கே தெரியும். அடுத்தவங்க தப்ப இழுத்து மேல போட்டுக்கிறதே ஒங்க வேல. ஒரு தாள கிழிக்கிற நேரத்துல புள்ள செத்துருமா? நீங்க அந்தாண்ட திரும்பி நின்னு எம்புள்ளைக்காவ சாமி கும்புட்டீங்க, நான் படுத்துக்கினு பாத்துக்கினுதான் இருந்தன். அதுக்குன்னு சாமி கும்புட்டவங்க நீங்க ஒருத்தருதான் சிஸ்டரு." என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பால் பிசுபிசுப்பு இன்னும் அந்தக் கையில் இருந்தது. பிறகு, எனக்காக இல்லாவிட்டாலும் தனக்காக ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியதோ என்னவோ, கையை விடாமலே கேட்டாள்: "நெசம்னா, ஞாயித்துக்கெழம எங்கூருக்கு வந்து எல்லாரு முன்னாடியும் இத சொல்லுவீங்களா?"

ஊர் கூடுகிற ஆலமரத்தடியைக் கண்ணுக்குள் பார்த்தேன். ராமாயியைப் பார்த்தேன். கைபேசியைத் தூக்கிப் பிடித்த கைகளைப் பார்த்தேன், கதவில் தொங்குகிற பூட்டைப் பார்த்தேன், எங்கள் சபைத் தலைவி மதர் புரொவின்ஷியல் என் பெயரைச் சொல்லாமல் "அந்த சிஸ்டர்" என்று தொலைபேசியில் பேசுவதைக் கேட்டேன். ஆமா என்பது ஒரு வார்த்தை. வாய்க்குள் வந்து நின்றது. "ஞாயித்துக்கிழமை எங்களுக்குப் பூசை இருக்கு மக்ளே" என்றேன். "ஃபாதர் மலையேறி வாராரு. நான் இல்லேன்னா ஒண்ணும் நடக்காது." அவள் கையை விட்டாள். கோபமாக விடவில்லை, மெதுவாக, என்னைச் சிரமப்படுத்தக் கூடாது என்பதுபோல விட்டாள். "ஆமால்ல, ஒங்களுக்குப் பூசை இருக்கும்ல" என்று எனக்காக அவளே அவசரமாகச் சொன்னாள். "நான்தான் சொன்னன்ல. எம்மனசு ஆறட்டும்னுதான சும்மா சொன்னீங்க?"

"ஆமா மக்ளே," என்றேன். "ஒம்மனசு ஆறட்டும்னுதான் சொன்னேன்."

வலிக்கு மாத்திரை கொடுத்தேன், மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு. சேலையைச் சரிசெய்துகொண்டு, மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு, வாசற்படியில் ஒரு தடவை நின்று கும்பிட்டுவிட்டு மேட்டில் ஏறினாள். வரும்போது சந்தேகத்தோடு வந்தவள், பிள்ளையைக் கொன்றது தான்தான் என்று நிச்சயமாகத் தெரிந்துகொண்டு போனாள்.